மிச்சத்துக்கு வேறு கடிதம்

சலேத்தம்மாளை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். அதில் முதல் ஏழு வருடம் அவளை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது தூணோரம் உட்காருவாள். புத்தகம் இல்லாமலே எல்லாப் பாட்டையும் பாடுவாள். பூசை முடிந்ததும் வாசலில் நின்று வம்பளக்காமல் வீட்டுக்குப் போய்விடுவாள். இப்படிப்பட்டவர்கள் யார் கண்ணுக்குத் தெரிகிறார்கள்?

நான் கோட்டைப் பக்கம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட். செம்பூரில் தங்கை குடும்பத்தோடு இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஆபீஸ் விட்டதும் சயானில் இறங்கி எங்கள் ஆரோக்கிய மாதா சிற்றாலயத்துக்கு நடப்பேன். தாராவிக்கும் மாட்டுங்கா லேபர் கேம்புக்கும் நடுவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கோயில். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே தமிழில் நவநாள் செபம் நடக்கும். மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. ஜனங்கள் வாரம் முழுக்க அதில் கடிதம் போடுவார்கள். வெள்ளிக்கிழமை நான் பெட்டியைத் திறந்து, மன்றாட்டு ஒரு கட்டு, நன்றி ஒரு கட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாறை மறுநாள் நவநாளில் உரக்க வாசிப்பேன். பெயர் சொல்ல மாட்டேன். தாராவியிலிருந்து ஒரு சகோதரி, ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு சகோதரர் என்றுதான் சொல்வேன். இந்த வேலை என்னிடம் வந்ததற்குப் பெரிய பக்தி ஒன்றும் காரணமில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும், எனக்குத் தடுமாறாது, அவ்வளவுதான்.

எங்கள் பெட்டிக்கு ஒரு கிறுக்குத்தனமான சட்டம் உண்டு. சாமியார் போட்ட சட்டமல்ல, ஜனங்களாகப் போட்டுக்கொண்டது. லேபர் கேம்ப் அருளப்பன் என்பவர் துபாய் விசா கிடைத்துவிட்டது என்று நன்றிக் கடிதம் போட்டார். நானும் வாசித்தேன். அடுத்த வாரம் ஏஜெண்டு ஆபீஸைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அன்றிலிருந்து காரியம் முழுசாக முடியாமல் எங்கள் கோயிலில் ஒருவரும் நன்றி எழுதுவதில்லை. பிள்ளை பாஸ் என்று பேப்பரில் வந்தால் போதாது, மார்க் ஷீட் கைக்கு வரவேண்டும். மருமகள் முழுகாமல் இருந்தால் போதாது, பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் ஆக வேண்டும். முந்தி நன்றி சொன்னால் காரியம் முறிந்துவிடும் என்று பயம். மாதாவை ஏதோ கையெழுத்துப் போட்டதும் மனசு மாறிவிடுகிற மேனேஜர் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வெளியே சொன்னதில்லை.

சலேத்தம்மாளின் புருஷன் இஞ்ஞாசி. மாகுல் ரிஃபைனரியில் காண்ட்ராக்டுக்கு வெல்டர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பத்து வயதில் ரயிலேறியவர், மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஒரே மகள் அமலி. தாராவியில் ஒற்றை அறை. பக்கத்து அறை நஸீராவுடையது. அவள் புருஷன் மன்சூர் அலிக்கு ஹேண்ட்பேக் தைக்கிற பட்டறை இருந்தது. பைகளுக்கு உள்ளே துணி ஒட்டுகிற வேலையை சலேத்தம்மாள் வீட்டிலிருந்தே செய்துகொடுப்பாள். எப்போதும் அவள் கையில் பசை வாசனை அடிக்கும்.

1981 பிப்ரவரி பதினொன்றாம் தேதி, லூர்து மாதா திருநாளன்று, பரேல் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். பிறகு ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீடு திரும்பியபோது இடது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கியிருந்தது. அந்த வீக்கம் அதன்பின் போகவே இல்லை. குடம் தூக்க முடியாது. நஸீராதான் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் பிடித்தாள். வெளியே போகும்போது ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள சலேத்தம்மாள் ஒரு துணிப்பை தைத்துக்கொண்டாள். பஞ்சு வைத்துப் பார்த்தாளாம், கனம் போதாமல் மேலே மேலே ஏறிக்கொண்டதாம். கடைசியில் கடுகைப் போட்டுத் தைத்தாள். அது சரியாக நின்றது. மழைக்காலத்தில் மட்டும் பிரித்துக் கடுகை மாற்ற வேண்டும்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் இந்தியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "பாஞ்ச் சால்." ஐந்து வருடம் ஒன்றும் வராமல் தாண்டிவிட்டால் பயமில்லை என்று அர்த்தம். அவர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மாதம் தவறாமல் பதினொன்றாம் தேதி வந்தால் காலண்டரில் ஒரு சின்னச் சிலுவை போடுவாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்டை எடுத்துக்கொண்டு செக்கப்புக்குப் போய், ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வருவாள். ஐந்து வருடம் முடிகிற அன்று மாதாவுக்கு நன்றிக் கடிதம் போடுவது என்று முடிவு செய்திருந்தாள். என்ன எழுதுவது என்றுகூட மனசில் வைத்திருந்தாளாம்.

அத்தனை காலமும் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை. அமலி பெரியவளானபோது ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு, ஒரு குறையில்லாமல் கவனித்தாள். ஆனால் அவள் முகத்தில் கல்யாண வீடும் இல்லை, துக்க வீடும் இல்லை என்று நஸீரா சொன்னாள். எனக்கு அது நினைவில்கூட இல்லை. நானும் போய்ச் சாப்பிட்டவள்தான்.

1985 அக்டோபரில் மூன்றாவது வெள்ளிக்கிழமை. நான் கோயில் பின்னறையில் பெட்டியை மேஜைமேல் வைத்துச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் சலேத்தம்மாள் வந்து நின்றாள்.

"யக்கா, பெட்டிய தொறந்துட்டீங்களா?"

"இப்பத்தானே வந்தேன். என்ன வேணும்?"

"ஒரு கடுதாசிய வெளிய எடுக்கணும்."

"போட்டத எடுக்க முடியாதும்மா. அது மாதாவுக்குப் போட்டது."

"நான் போடல. எங்க வீட்டுல அவுக போட்டுட்டாக. நன்றிக் கடுதாசி."

ஆபீஸில் அன்று முழுக்க ஸ்டென்சில் அடித்து எனக்குத் தலைவலி. நன்றியைத் திரும்ப வாங்க வந்த முதல் ஆள் நீதான் என்று கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ரேஷன் கடையில் கேட்ட செய்தியைச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள்.

அன்று மத்தியானம் நஸீரா சந்தோஷமாக வந்து, "சலேத்து, ஒங்க வீட்டுக்காரரு எங்க பட்டறைக்கு வந்து கவரு ஒட்டப் பசை கேட்டாரு. மாதாவுக்கு நன்றி எழுதியிருக்காராம். அப்ப பூரா சரியாயிட்டுதுல்லா?" என்று கேட்டிருக்கிறாள். சலேத்தம்மாள் ஒட்டிக்கொண்டிருந்த பையை அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"பிப்ரவரி பதினொண்ணு வரைக்கும் பொறுத்திருக்கலாம்லா யக்கா. நாலு மாசந்தான் இருக்கு. இப்ப நாளைக்கி நீங்க வாசிச்சிட்டீங்கன்னா முடிஞ்சிபோச்சு."

"அருளப்பன் கதையெல்லாம் நம்பாத. உடம்புல ஒண்ணும் இல்லன்னா எப்ப நன்றி சொன்னா என்ன?"

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இருக்கு" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"தழும்புக்கு மேல, அக்குள் பக்கமா. முதல்ல பையில ஓட்ட விழுந்து ஒரு கடுகு வெளிய வந்து ஒட்டியிருக்குன்னுதான் நெனச்சேன். தட்டிவிட்டேன். போகல. பத்தொம்பது நாளாச்சு."

"வீட்டுல சொன்னியா?"

"யாருட்டயும் சொல்லல. இப்ப ஒங்ககிட்ட சொல்லுதேன்."

திங்கட்கிழமை அவளுக்குச் செக்கப் நாள். அவள் போவதாக இல்லை. ஆஸ்பத்திரியில் தேதியைப் பிப்ரவரிக்கு மாற்றிவிட்டார்கள் என்று புருஷனிடம் பொய் சொல்லியிருந்தாள். ஐந்து வருடம் முழுசாக முடிகிற வரைக்கும் டாக்டர் கை அந்த இடத்தில் படக்கூடாது. முடிந்தபிறகு பார்த்தால் அது வேறு கணக்காகிவிடும் என்று அவள் நினைத்தாள். பார்க்காதவரை அது இல்லை. எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திட்டலாம் என்று வாயைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தேன். திட்டுவதற்கு அங்கே ஆளே இல்லை.

"செபம் பண்ணுதியா?" என்று மட்டும் கேட்டேன்.

"செபமாலை சொல்லுதேன். எத்தனாவது மணின்னு மறந்துருது. வாய் அது பாட்டுக்குச் சொல்லுது. பயமா இருக்குன்னு கூட மாதாட்ட சொல்ல வரல. பசை காஞ்ச கைய வச்சு எதைத் தொட்டாலும் தொட்ட மாதிரி இருக்காதுல்லா, அப்படித்தான் இருக்கு. உள்ள ஒண்ணும் ஓடல."

இந்த இடத்தில் நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மன்றாட்டு வாசித்தவள்தான், ஆனால் எழுதியவரை எதிரில் வைத்துக்கொண்டு ஒன்றையும் வாசித்ததில்லை. பெட்டியைத் திறந்து கடிதங்களை மேஜைமேல் கொட்டினேன். சட்டம் மீறியதுதான். வேறு என்ன செய்ய?

நாற்பது நாற்பத்தைந்து கடிதம் இருக்கும். புருஷனின் கையெழுத்து எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பதினேழு வருடத்தில் அவர் அவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை. அதனால் நான் வலது பக்கத்திலிருந்தும் அவள் இடது பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். நோட்டுப் புத்தகத் தாளில் எழுதியது, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதியது, ரயில்வே மெமோவில் எழுதியது. மகன் சேர்க்கை சரியில்லை, குழாயடிச் சண்டை போலீஸ் வரை போய்விட்டது, மூன்றாவதும் பெண், தறி மில் திறக்கவில்லை, மூச்சிரைப்பு. சலேத்தம்மாள் ஒவ்வொன்றையும் முழுசாக வாசித்தாள். அவசரமே படவில்லை.

கரண்ட் பில் வந்த பழைய கவர் ஒன்றைப் பசை போட்டு அளவுக்கு மேல் ஒட்டியிருந்தது. பிரித்தேன். உள்ளே ரிஃபைனரி காண்ட்ராக்டரின் கேட் பாஸ் மூன்று, அவற்றின் பின்பக்கத்தில் நீல மையில் பெரிய பெரிய எழுத்து. முதல் வரியைப் பார்த்ததும் அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். அந்தக் கடிதத்தை நான் பிறகு எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன்.

"மாதாவே, நான் இஞ்ஞாசி, வெல்டர். கடுதாசி எழுதிப் பழக்கமில்ல. தப்பு இருந்தா வாசிக்கிற அக்கா சரிபண்ணிக்கிடணும்.

என் பெஞ்சாதி சலேத்துக்கு 81ல ஆப்பரேசன் ஆச்சு. டாக்டர் அஞ்சு வருசம்னு சொன்னாரு. அஞ்சும் முடிஞ்சபொறவுதான் நன்றி எழுதணும்னு அவ இருக்கா. எனக்கு அது சரியாப் படல. நாலு வருசம் எட்டு மாசம் நீ குடுத்திருக்க. அதுல தெனமும் காலைல அஞ்சு மணிக்கு எனக்கு டீ போட்டுத் தந்தா, ஒத்தக் கையால. அமலி பெரிய மனுசியான அன்னைக்கு அவ அம்ம கூட இருந்தா. நான் குடிச்சிட்டு வந்த ரெண்டு நாளும் என்னை வாசல்லயே நிறுத்தி வச்சா, மூணாவது நாள் நான் குடிக்கல. இதெல்லாம் நடந்துபோச்சு. இனிமே இத யாரும் திரும்ப எடுக்க முடியாது. அதுக்கு நன்றி.

இப்ப அவ கைய அடிக்கடி அக்குள் பக்கம் வச்சுப் பாக்கா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. கார்டுல திங்கக்கிழமைதான் போட்டிருக்கு. பிப்ரவரின்னு சொன்னா. தேதி வாசிக்க எனக்குத் தெரியும்.

டாக்டர் என்னத்தயும் சொல்லட்டும். அவரு சொல்லுததுக்கு முந்தி இத எழுதிரணும்னு தோணுச்சு. பொறவு எழுதுனா வேற மாதிரி ஆயிரும். குடுத்ததுக்கு இந்தக் கடுதாசி. மிச்சத்துக்கு வேற கடுதாசி எழுதுதேன்.

இப்படிக்கு இஞ்ஞாசி, தாராவி."

வெளியே நவநாளுக்குப் பந்தல் கட்டுகிறவர்கள் மூங்கிலை இறக்கிப் போட்டார்கள். நான் கேட் பாஸ்களை அடுக்கி மேஜைமேல் வைத்தேன். சலேத்தம்மாள் வீங்கிய கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அதை மெல்ல நீவிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. எனக்கு அழுகை வந்தால் கோபம் போலத்தான் வெளியே வரும். "எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போ" என்று வெடுக்கென்று சொன்னேன்.

"இத எந்தக் கட்டுல வைப்பீங்க?" என்று அவள் கேட்டாள்.

"நன்றிக் கட்டுல."

"வைங்க."

அவள் உடனே எழுந்து போகவில்லை. மீதிக் கடிதங்களையும் என்னோடு சேர்ந்து பிரித்தாள். கிளம்பும்போது, "ஆஸ்பத்திரில எட்டு மணிக்கெல்லாம் லைன் நின்னுரும். ஆறரை பஸ்ஸப் புடிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றாள். முழங்காலில் நிற்கவில்லை, கை கூப்பவில்லை. வீட்டுக்கு வந்தவர் எதிரில் நிற்கிற மாதிரி சும்மா நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "ஒண்ணும் வேண்டல யக்கா. அவுக எழுதுனதுக்குக் கீழ நானும் கையெழுத்துப் போடுதேன்னு சொன்னேன்" என்றாள்.

மறுநாள் நவநாளில் அந்தக் கடிதத்தை வாசித்தேன். தாராவியிலிருந்து ஒரு சகோதரர் என்று ஆரம்பித்தேன். குடித்த சமாச்சாரத்தையும் திங்கட்கிழமை சமாச்சாரத்தையும் விட்டுவிட்டேன். ஆண்கள் பக்கம் இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். மனைவிக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பூசை முடிந்து என்னிடம் வந்து, குடிச்சதையும் வாசிச்சிருக்கலாம், அதுதானே மாதா செய்த பெரிய புதுமை என்று குறைப்பட்டுக்கொண்டார். கடிதங்களுக்குப் பிறகு வருகிற பிரார்த்தனையில் மாதாவை நோயாளிகளின் ஆரோக்கியம் என்று கூப்பிடுகிற இடம் ஒன்று உண்டு. மூன்றாவது தூணோரம் பார்த்தேன். அந்த இடம் வந்தபோது சலேத்தம்மாள் பதில் சொல்லாமல் வாயைத் திறந்தபடி நின்றாள். அடுத்த வரியிலிருந்து மறுபடி சேர்ந்துகொண்டாள். நாலே முக்கால் வருடமாக வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சொல் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது என்று பிறகு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே புருஷனிடம், "நாளைக்கி வேலைக்குப் போகாம சுட்டி போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாளாம். அவர் பிப்ரவரி என்று சொன்னாயே என்று கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, சட்டையை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த இடத்தில் ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்குப் பத்து நாள். வந்த ரிப்போர்ட்டில் அது திரும்பி வந்திருக்கிறது என்று இருந்தது. நவம்பரில் மறுபடி வெட்டினார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள், தலைமுடி போனது. எங்கள் கோயில் வாசலில் உடனே பேச்சு கிளம்பியது. பாத்தியா, அருளப்பனுக்கு ஆனதுதான், நாலு மாசம் பொறுக்காமல் அவசரப்பட்டு நன்றி சொன்னார்கள், ஆயிற்றா என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாரம் பெட்டியையே திறக்காமல் விட்டுவிடலாமா என்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போய், போன ஐந்தாவது நிமிடத்தில் சொல்லிவிட்டேன்.

அவள் தலையில் ஒரு பழைய பூப்போட்ட துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். "நன்றி சொன்னதால வரல யக்கா. அது முந்தியே வந்திருந்துச்சு. நன்றி சொன்னதாலதான் நான் போயி காட்டுனேன்" என்றாள்.

"பயம் போயிட்டா?"

"போகல. இருக்கு. ராத்திரி முழிப்பு வந்தா அதுவும் கூட முழிச்சிக்கிடுது. ஆனா முந்தி பயம்னுகூட தெரியாமக் கெடந்தேன்லா, இப்ப இன்னது பயம்னு தெரியுது. மாதாட்ட பயமாயிருக்கும்மான்னு சொல்ல வருது. சொல்லிட்டுத் தூங்கிருதேன்." பிறகு பெரிய சாதனை மாதிரிச் சொன்னாள். "எத்தனாவது மணின்னு இப்பல்லாம் மறக்கல."

இதைச் சமாதானம் என்று சொல்லலாமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. சமாதானம் என்றால் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் நஸீரா கொண்டுவந்த கஞ்சியில் உப்புப் போதாது என்று சொன்னாள். பல வருடமாக அவள் எந்தச் சாப்பாட்டையும் உப்புக் கூட, உப்புக் குறைவு என்று சொன்னதில்லையாம். நஸீரா அதை என்னிடம் வராந்தாவில் வந்து சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியிலிருந்து அவள் வெள்ளிக்கிழமை தோறும் கடிதம் பிரிக்க என்னோடு வந்து உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒரு கடிதத்தின் மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்து நின்றுவிட்டாள். பிப்ரவரி பன்னிரண்டு.

"யக்கா, பதினொண்ணு போயிட்டா?"

"செவ்வாய்க்கிழமையே போயிட்டுது."

"மறந்தேபோச்சு பாருங்க" என்றாள். ஐந்து வருடமாகக் காலண்டரில் சிலுவை போட்டு வந்த நாள். அன்று என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். அமலிக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. பிறகு அந்தக் கடிதத்தை மன்றாட்டுக் கட்டில் வைத்தாள்.

டாக்டர் இப்போது ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்திருக்கிறார். இவர்கள் எண்ணுவதில்லை. இது 1989. இடையில் ஒருமுறை சந்தேகம் என்று மறுபடி ஊசி போட்டார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. அடுத்த தடவை என்ன வரும் என்று யாருக்குத் தெரியும். ஒவ்வொரு செக்கப்புக்கும் முந்திய வெள்ளிக்கிழமை பெட்டியில் அளவுக்கு மேல் பசை போட்ட கவர் ஒன்று இருக்கும். உள்ளே கேட் பாஸின் பின்பக்கத்தில் அந்த ஆறு மாதம் நடந்தது எழுதியிருக்கும். அமலி எஸ்.எஸ்.சி. எழுதினாள். கூரை ஒழுகியதை அடைத்தோம். போன மாதம் இரண்டு பேரும் பாந்திரா திருவிழாவுக்குப் போய் வந்தோம், அவள் ஜிலேபி கேட்டாள். நன்றி. எப்போதும் டாக்டர் சொல்வதற்கு முந்தி. எங்கள் கோயிலில் இன்னும் மூன்று நான்கு பேர் இப்படி முந்தி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அருளப்பன் இன்னும் நம்பவில்லை.

ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரிதான் முடியும். மிச்சத்துக்கு வேறு கடிதம் எழுதுகிறேன். அந்த வேறு கடிதம் மட்டும் வந்ததே இல்லை. மனுஷர் மாதாவையே ஏமாற்றுகிறாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். போன வெள்ளிக்கிழமை கடிதம் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் நாலு வருஷமா எழுதுறேன் எழுதுறேன்னு சொல்றாரே, அந்த இன்னொரு கடுதாசிய எப்பத்தான் போடப்போறார்?"

சலேத்தம்மாள் கையிலிருந்த கவரைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அத எழுதியாச்சு யக்கா. ரெண்டாவது ஆப்பரேசனுக்கு முந்தின நாளே எழுதிட்டாக. போட மனசு வரல போல, சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டே திரியுதாக. தொவைக்கும்போது எடுத்து வச்சிருவேன். காஞ்சபொறவு மடிச்சமேனிக்கே திரும்ப உள்ள வச்சிருவேன். மடிப்பெல்லாம் கிழிஞ்சிட்டு, போன மாசம் பின்னால ஒரு துணி வச்சு ஒட்டியிருக்கேன்."

"அவர் அதப் பாக்கலியா?"

"பாத்திருப்பாக. யாரு ஒட்டுனதுன்னு கேக்கல."

"நீ அத வாசிச்சியா?"

"வாசிச்சேன்" என்றாள். பிறகு கையிலிருந்த கடிதத்தை என் பக்கம் தள்ளி, இது மன்றாட்டா நன்றியா என்று தெரியவில்லை, நீங்களே பாருங்கள் என்றாள்.